மன்சிக்கி முரண்டு பிடித்த சனிக்கிழமை

ஹெல்வியின் கல்யாணத்தன்று காலை பதினோரு மணிக்கு மன்சிக்கியின் கிக்கரை முதல் உதை உதைத்தேன். ஒருமுறை இருமிவிட்டு அடங்கிப்போனது. ஏழு மாதம் கொட்டகையில் தூங்கிய வண்டி ஒரே உதையில் எழுந்து உட்காரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது உதைக்கும் இருமல். பத்தாவது உதைக்கும் அதே இருமல். பதினோராவது உதையில் கிக்கர் திருப்பி என் கெண்டைக்காலில் அடித்தது. அப்போதுதான் சாத்தானை முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"நல்ல நாளும் அதுவுமா என்னடி வாய் இது?" என்று ஹெல்வி ஜன்னலைத் திறந்து கத்தினாள். தலைமுடியில் ஆறு சுருட்டிகள், உடம்பில் வெளிர்நீலக் கல்யாண கவுன், காலில் ரப்பர் பூட்ஸ்.

"என் வாயப் பத்தி அப்புறம் பேசலாம். நீ உன் தலையப் பாரு."

அவள் தலையைப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகவே வீட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறப்பாள், மூடுவாள், கட்டிலுக்கு அடியில் குனிவாள். என்னடி தேடுறே என்றால் ஒண்ணுமில்ல என்பாள். கல்யாணப் பதற்றம் என்று விட்டுவிட்டேன். அறுபத்தாறு வயதில் கல்யாணம் என்றால் யாருக்குத்தான் பதறாது?

மன்சிக்கி என்பது எங்கள் பக்கம் சிவப்புப் பசுவுக்கு வைக்கிற பெயர். என் வண்டியும் சிவப்பு. இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர், பெட்ரோலில் எண்ணெய் கலந்து குடிக்கிற பழைய ஜாதி. இருபத்து மூன்று வயதில் வாங்கினேன். எனக்கும் ஹெல்விக்கும் ஒரே வயது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். இந்த வட்டாரத்தில் எந்த மெக்கானிக்கும் மன்சிக்கியைத் தொட்டதில்லை, தொட நான் விட்டதுமில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

கல்யாணம் இரண்டு மணிக்கு, ஏரிக்கு அக்கரையில் இருக்கிற சர்ச்சில். எங்கள் கொட்டகையிலிருந்து பார்த்தாலே மணிக்கூண்டு தெரியும். நேர்கோட்டில் ஒன்றரை கிலோமீட்டர். குளிர்காலம் என்றால் உறைந்த ஏரி மேல் நடந்தே போகலாம். கோடை என்றால் படகு. மே மாத ஆரம்பத்தில் இரண்டுமில்லை. பனிக்கட்டி சாம்பல் பூத்து ஊறிப்போய்க் கிடக்கும், நாய்கூட அதன் மேல் கால் வைக்காது. படகு போகவும் தண்ணீர் திறந்திருக்காது. ஏரியைச் சுற்றிக்கொண்டு நாற்பத்தாறு கிலோமீட்டர் சாலையில்தான் போக வேண்டும். இந்த வாரத்தில் எவனாவது கல்யாணம் வைப்பானா? மாப்பிள்ளை ஓஸ்மோ வைப்பான்.

காரணம் இருக்கிறது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், இதே மே முதல் சனிக்கிழமை, இதே ஓஸ்மோவுக்கும் இதே ஹெல்விக்கும் இதே சர்ச்சில் கல்யாணம். பெண்ணை மன்சிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவள் நான். பெரிய சாலையில் ஏறும் இடத்தில் இடது பக்கம் திரும்பினால் சர்ச், வலது பக்கம் ரயில் நிலையம். அங்கே வந்ததும் ஹெல்வி என் வலது தோளைத் தட்டினாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வலது பக்கம் திரும்பினேன். அவள் கல்யாண கவுனோடு ரயிலேறி, கப்பலேறி, ஸ்வீடனுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பயம், வேறொன்றுமில்லை. இருபத்தைந்து வயதில் இந்த ஏரியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் செத்துப்போய்விடுவோமோ என்ற பயம்.

ரயில் நிலையத்து போனிலிருந்து போதகர் வீட்டுக்குப் பேசியது நான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் என்னுடையது. அது ஊர் முழுக்கப் பரவி, இன்றைக்கும் எவனாவது வேலைக்குத் தாமதமாக வந்தால் "என்னப்பா, வண்டி ஸ்டார்ட் ஆகலியா?" என்றுதான் கேட்கிறார்கள். சிரிப்பார்கள். ஓஸ்மோ மட்டும் சிரித்ததுமில்லை, என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. அவன் வாரத்துக்கு ஆறு வார்த்தை பேசுகிற ஆள். சர்ச்சைப் பராமரிக்கிற வேலையில் சேர்ந்தான், மணி அடித்தான், கூரைக்குத் தார் பூசினான். ஏன் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, நேரம் கிடைக்கவில்லை என்றான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹெல்வி பென்ஷனோடு திரும்பி வந்து என் வீட்டு மாடி அறையில் குடியேறினாள். இந்தப் பிப்ரவரியில், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஓஸ்மோவுக்குப் பக்கத்தில் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று சனிக்கிழமை பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். நான்காவது சனிக்கிழமை அவன் தூண்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம்: "மே முதல் சனி. இந்தத் தடவ வண்டி ஸ்டார்ட் ஆகட்டும்."

இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். மன்சிக்கியிலதான் வருவேன், இரண்டு மணிக்கு.

இப்போது மணி பதினொன்றே கால்.

முறையாகப் போவோம் என்று சட்டைக் கையை மடித்தேன். பேட்டரி? குளிர்காலம் முழுக்க அதைச் சமையலறையில் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு, குழந்தை மாதிரி வளர்த்திருக்கிறேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்ரோல்? பழையதை அக்டோபரிலேயே வடித்துவிட்டேன், நேற்றுத்தான் புதிதாகக் கலந்து ஊற்றினேன். குழாயைக் கழற்றினால் ஒழுங்காகச் சொட்டியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். இரண்டும் நனைந்து எண்ணெய் வழிந்தன.

"ஹெல்வி! சவுனா அடுப்பு சூடா இருக்கா?"

"இருக்கு. ஏன், குளிக்கப் போறியா?"

"நான் இல்ல. பிளக்கு குளிச்சிருச்சு, காய வெக்கணும்."

காலையில் மணப்பெண் நீராவிக் குளியல் போட்ட அதே சவுனா அறையின் அடுப்பில் பிளக்குகளை வைத்துக் காய வைத்தோம். பிறகு பொறி வருகிறதா என்று பார்க்க, ஹெல்வியின் கையில் ரொட்டி எடுக்கிற தடிமனான கையுறையை மாட்டி, பிளக்கை எஞ்சின் மேல் ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு உதைத்தேன். நீலப் பொறி டக் டக்கென்று பறந்தது.

"வருது! வருதுடி!" என்று குதித்தாள்.

"குதிக்காதே, கவுன்ல எண்ணெய் படும்."

பட்டுவிட்டது. முழங்காலுக்கு மேல், ஒரு நாணயம் அளவுக்கு. இருவரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது. காற்று? ஃபில்டரைத் திறந்தேன், சுத்தமாக இருந்தது. "எலி ஒரு மயிர்கூட விட்டுட்டுப் போகல பாரு," என்று பெருமையடித்துக்கொண்டேன். "பக்கத்து வீட்டுக்காரன் வண்டில வருஷா வருஷம் எலி குட்டி போடுது. என் வண்டிகிட்ட வராது. நான் பண்ற ஏற்பாடு அப்படி."

அந்த இடத்திலேயே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெருமை பேசும்போது எனக்கு யோசனை வராது.

கார்பரேட்டரைக் கழற்றினேன். துளைகளையெல்லாம் வாயால் ஊதினேன். நாக்கெல்லாம் பெட்ரோல். மே தினத்துக்குப் புளிக்கப் போட்ட எலுமிச்சைப் பானம் சீமாவில் ஒரு பாட்டிலைக் குடித்து வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி மாட்டினேன். உதைத்தேன். இரண்டு விநாடி ஓடியது, கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை வந்தது, யாரோ கழுத்தைப் பிடித்து அமுக்கின மாதிரி நின்றுபோனது. சோக்கை இழுத்து உதைத்தேன். தள்ளி உதைத்தேன். வலது காலால் முடியாமல் மறுபக்கம் போய் நின்று இடது காலால் உதைத்தேன். ஒவ்வொரு தடவையும் இருமல், புகை, மூச்சடைப்பு. சாத்தானைக் கூப்பிட்ட கணக்கு எனக்கே மறந்துபோனது.

மணி ஒன்று.

முற்றத்தில் என் வேன் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை ஹெல்வி பார்த்துவிட்டாள்.

"வேணாம்," என்றாள்.

"கேளுடி. வேன்ல போனா ஒண்ணே முக்காலுக்குப் போயிரலாம். கல்யாணம்தானே முக்கியம்?"

"வேன்ல வர்றேன்னு நான் சொல்லல."

"அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்."

"நான் நெனச்சுக்குவேன்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னைக்கு ஓடினப்ப அந்தாளுக்குக் கெடச்சது ஒரே ஒரு வரி, ரைலி. வண்டி ஸ்டார்ட் ஆகல. அந்த ஒரு வரிய வெச்சுக்கிட்டு நாப்பத்தோரு வருஷம் இருந்திருக்கான். இன்னைக்கு நான் வேன்ல எறங்கி அதே வரியச் சொன்னா, என் மூஞ்சிய அவன் எப்படிப் பாப்பான்? நான் அவன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

அந்த ஒரு வரி நான் கொடுத்தது.

தாமதத்தையாவது சொல்லிவிடலாம் என்று போன் போட்டாள். நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"ஓஸ்மோ. நான்தான். வந்து... வண்டி ஸ்டார்ட் ஆகல."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ம்," என்றான் ஓஸ்மோ. போனை வைத்துவிட்டான்.

ஹெல்வி போனைப் பார்த்தபடி கொட்டகை வாசலில் சரிந்து உட்கார்ந்தாள். "நம்பல," என்றாள். "நான் அவனா இருந்தா நானும் நம்ப மாட்டேன்."

நான் மன்சிக்கியின் டயரை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

"எல்லாமே கோணலாத்தான் நடக்குது," என்று மூக்கை உறிஞ்சினாள். "சாக்ஸும் காணோம்."

"என்ன சாக்ஸ்?"

"கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைக்குக் கையால பின்னிக் குடுக்கணும் இல்ல. நானும் பின்னினேன். சாம்பல் கலர், மேல நீலக் கோடு. ஒரு வாரமா அதத்தான் தேடுறேன்."

"இதச் சொல்றதுக்கென்னடி? கேட்டிருந்தா நானும் தேடியிருப்பேனே. எப்பப் பின்னினே?"

ஹெல்வியின் காது சிவந்தது. "செப்டம்பர்ல."

"செப்டம்பர்லயா? அவன் கேட்டதே பிப்ரவரில!"

"அதான் சொல்லல. நீ கிண்டல் பண்ணியே கொன்னுருவே. நீ கை வெக்கவே மாட்டேன்னு, சவுனால இருக்கே, பழந்துணிக் கூடை, அதுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன்."

பழந்துணிக் கூடை.

என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் வண்டியை மூடி வைப்பதற்கு முன்னால் நான் என்ன செய்வேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. எலி ஏறாமல் இருக்க இரண்டு சைலன்சரிலும் பழைய கம்பளி சாக்ஸைத் திணித்து, துடைப்பக் கட்டையால் நன்றாக உள்ளே குத்திவிடுவேன். போன அக்டோபரில் பழந்துணிக் கூடையில் கை விட்டபோது அடியிலிருந்து ஒரு ஜோடி வந்தது. சாம்பல் கலர். இவ்வளவு நல்ல சாக்ஸை எவள் தூக்கிப் போட்டாள் என்றுகூட நினைத்தேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், யோசித்தேன். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய் அக்கரையில் நாற்பத்தோரு வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

"ஹெல்வி, கோவப்படாதே," என்றேன்.

மண்டி போட்டு, சாஸேஜ் சுடுகிற நீள இடுக்கியை வலது சைலன்சருக்குள் விட்டுத் துழாவி இழுத்தேன். கறுப்பாக, எண்ணெய் சொட்டச் சொட்ட, நீலக் கோடு மட்டும் லேசாகத் தெரிய ஒரு சாக்ஸ் வந்தது.

ஹெல்வி வாயைத் திறந்தவள் மூடவில்லை. பிறகு ஏரியே அதிர்கிற மாதிரி கத்தினாள். "அடிப்பாவி! என் கல்யாண சாக்ஸ எடுத்து வண்டிப் பின்னால திணிச்சியா!"

"கல்யாண சாக்ஸ எவளாவது பழந்துணில வெப்பாளா?"

"திணிச்சவளுக்கு எடுக்கத் தெரியாதா? மண்டைல என்ன இருக்கு உனக்கு?"

"மறந்துடக் கூடாதுன்னுதான் வருஷா வருஷம் ஹேண்டில்ல செவப்பு நூல் கட்டி வெக்கிறேன். செவப்பு நூல் இருந்தா உள்ள சாக்ஸ் இருக்குன்னு அர்த்தம். இந்த வருஷம் நூலக் காணோமே!"

ஹெல்வியின் சத்தம் பட்டென்று நின்றது. ஹேண்டிலைப் பார்த்தாள். அங்கே வெள்ளி மொட்டு வைத்த வில்லோ குச்சிகளை ரிப்பன் போட்டுக் கட்டியிருந்தாள், கல்யாண அலங்காரம்.

"அது... அழுக்கா தொங்கிச்சு," என்றாள் மெதுவாக. "வியாழக்கிழமை தொடைக்கிறப்ப அவுத்துப் போட்டேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மணி ஒன்று இருபத்தைந்து ஆனது தெரியாமல் சிரித்தோம்.

இடது சாக்ஸ் வரவில்லை. என் துடைப்பக் கட்டைக் குத்து அப்படி. இடுக்கிக்கு எட்டவில்லை, கம்பி போட்டாலும் பிடிபடவில்லை. "வெலகி நில்லு," என்றேன். "உள்ள இருக்கிறத மன்சிக்கியே துப்பட்டும்." பெட்ரோலைத் திறந்து, சோக்கை இழுத்து, உடம்பின் மொத்த எடையையும் கிக்கரில் போட்டேன்.

டமால்!

சாக்ஸ் கொட்டகை வாசலைத் தாண்டிப் பறந்து கறுப்புத் திராட்சைப் புதரில் போய் விழுந்தது. காக்கைகள் எழும்பிப் பறந்தன. அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே வந்தது மன்சிக்கியின் குரல்: பட்பட்பட்பட், பட்பட்பட்பட், ஒரு தடங்கலும் இல்லாமல், இருபது வயதுக் குரல்! எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்காக அழுகிறவளைக் கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும்.

அப்போது அக்கரையிலிருந்து சர்ச் மணி அடித்தது. ஒரே ஒரு அடி.

"ரெண்டாகலியே, மணி எதுக்கு?" என்றாள் ஹெல்வி, சுருட்டிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டே.

"தெரியல. ஏறு, ஏறு!"

புதரிலிருந்து சாக்ஸைப் பொறுக்கிக்கொண்டு, கவுனைச் சுருட்டி, தோல் ஜாக்கெட்டை மாட்டி, ஹெல்மெட்டுக்குள் பாதித் தலை அலங்காரத்தோடு ஏறினாள். கிளம்பினோம். பனி கரைந்த தண்ணீர் சாலையோர ஓடைகளில் ஓடியது, பிர்ச் மரங்களில் இலை இன்னும் வரவில்லை, வெயில் மட்டும் தாராளமாக அடித்தது. பெரிய சாலையில் ஏறும் இடம் வந்தபோது, பழக்க தோஷம், என் வலது தோள் தானாக விறைத்துக்கொண்டது. ஹெல்வி இடது தோளைத் தட்டினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை, பலமாக. இன்னும் வலிக்கிறது.

சர்ச் வாசலில் போய் நின்றபோது மணி இரண்டு இருபத்தெட்டு. இருபது விருந்தாளிகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் கறுப்பு கோட்டில் ஓஸ்மோ. முழங்கால் வரைக்கும் சேறு. ஷூ நனைந்து ஊறியிருந்தது.

ஹெல்வி வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கி, கரி எண்ணெய் சொட்டும் சாக்ஸ் இரண்டையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூச்சு வாங்கியது.

"சத்தியமா ஸ்டார்ட் ஆகல, ஓஸ்மோ! இதோ பாரு, இதுதான் சைலன்சர்ல அடச்சிருந்துது. இது உனக்குன்னு நான் பின்னினது. இவதான் திணிச்சா, நான்தான் நூல அவுத்தேன். மோந்து பாரு வேணும்னா! பொய்யில்ல!"

"தெரியும்," என்றான் ஓஸ்மோ. "கேட்டேன்."

"எங்கேருந்து?"

அவன் தாடையால் ஏரிக்கரையைக் காட்டினான். "பதினோரு மணிலேருந்து. எண்பத்தேழு உதை."

"அப்ப போன்ல ஏன் ஒண்ணும் சொல்லாம வெச்சுட்டே? நான் செத்தே போயிட்டேன்!"

"போன காதுல வெச்சா வண்டிச் சத்தம் கேக்கல."

பின்னாலிருந்து எங்கள் போதகர், முப்பது வயதுப் பெண், தொண்டையைக் கனைத்தாள். "இவரக் கூட்டிட்டு வரலாம்னு நானும் கரைக்குப் போனேன், ரைலி அம்மா. ஏரி மேல சத்தம் நல்லாவே வருது. சாத்தான் பேர ஒம்பது தடவ எண்ணினேன். வண்டி ஸ்டார்ட் ஆனதும் இவரு ஓடிப் போயி மணி அடிச்ச அடில கயிறே அறுந்துருச்சு."

விருந்தாளிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஓஸ்மோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கும் கரையிலதான் நின்னேன்," என்றான். "மொத உதையிலேயே ஸ்டார்ட் ஆச்சு."

நாற்பத்தோரு வருஷம். என் வீட்டுக் கூரையை இரண்டு தடவை சரி செய்து கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மீன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பொய் போதகர் வீட்டு போனில் ஏறிய அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன் ஒரு நாளும் கேக்கல?" என்றேன்.

ஓஸ்மோ யோசித்தான். அந்த வாரத்துக்கான வார்த்தைகள் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், கடன் வாங்கித்தான் பேசியிருக்க வேண்டும். "வண்டி நல்ல கண்டிஷன்ல இருந்துது," என்றான். "ஒரு நாள் திரும்பக் கூட்டிட்டு வரும்னு தோணிச்சு."

ஹெல்வி அவன் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மன்சிக்கியின் டாங்கைத் துடைக்கிற பாவனையில் திரும்பிக்கொண்டேன்.

சிறிது நேரம் கழித்து ஓஸ்மோ சர்ச் படியில் உட்கார்ந்தான். ஊறிப்போன ஷூவைக் கழற்றினான், ஈர சாக்ஸைக் கழற்றினான். ஹெல்வியின் கையிலிருந்த கல்யாண சாக்ஸை வாங்கிப் பிழிந்தான். எண்ணெய் சொட்டியது. ஒன்றன்பின் ஒன்றாகக் காலில் மாட்டி, நீலக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"சூடா இருக்கு," என்றான்.

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று விடியற்காலையில் அவனே சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருந்த தரையில், வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கறுப்புக் கறுப்பாகக் காலடி வைத்து நடந்துபோனான்.